எல்.எம்.பி.க்குக் கீழே இன்னொரு வரி

தமிழ்நாட்டு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இரவுப் பணி பார்க்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு திறந்த மடல்



வயிற்றுவலி என்று ஒரு பெண் வந்து படுத்தால் நீங்கள் முதலில் கேட்பவற்றுள் ஒன்று மாதவிலக்குத் தேதி. "கடைசியா எப்பம்மா தலைக்கு ஊத்துன?", "நாள் ஏதும் தள்ளிப் போயிருக்கா?" என்று ஊருக்கு ஊர் கேட்கும் விதம் மாறும். சீட்டில் ஏறுவது ஒன்றுதான்: எல்.எம்.பி. என்ற மூன்றெழுத்தும் ஒரு தேதியும். அந்த ஒரு வரி எத்தனையோ உயிர்களைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. கருக்குழாயில் தங்கிய கர்ப்பம் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கட்டுவதை, வெளியே ஒரு சொட்டும் தெரியாத நிலையிலேயே உங்களைச் சந்தேகப்பட வைப்பது அந்தத் தேதிதான். ஆனால் குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் இதே வரி உங்களைத் தவறான பக்கம் திருப்பிவிடுகிறது. அவளுக்கு மாதவிலக்கு வந்து 18 நாள்தான் ஆகியிருக்கும். நாள் தள்ளவில்லை, அதனால் கர்ப்பச் சிக்கல் இல்லை. வயிறு உப்பியிருக்கிறது, குமட்டுகிறது, அதனால் கேஸ்ட்ரிக். ஓர் ஊசி, இரண்டு மாத்திரை, காலையில் ஓ.பி.க்கு வரச் சொல்லி அனுப்பிவிடலாம். அந்த நேரத்தில் அவளுடைய சினைப்பைகள் இரண்டும் சிறு தேங்காய் அளவுக்கு வீங்கி, ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள் ஒழுகிக்கொண்டிருக்கக்கூடும். எல்.எம்.பி.க்குக் கீழே இன்னொரு வரியை நிரந்தரமாகச் சேர்த்துவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். அந்த வரி: கடைசி ஊசி எந்தத் தேதியில், என்ன ஊசி.

இந்தச் சிகிச்சையில் எல்லா ஊசியும் ஒரே வேலையைச் செய்வதில்லை. மாதவிலக்கு வந்த இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்கி எட்டுப் பத்து நாள் போடுபவை முட்டைகளை வளர்ப்பவை. கடைசியாகப் போடுவது வளர்ந்த முட்டையை முதிரவைத்து வெளிவரச் செய்வது. 'முட்டை வெடிக்கிற ஊசி' என்று பெண்கள் சொல்வது இதைத்தான். இரவு 10 மணி என்று எழுதிக் கொடுத்திருந்தால் சரியாக 10 மணிக்குப் போட்டாக வேண்டும். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே டப்பாவில் வைத்துக் கொண்டுவந்த சின்னக் குப்பியோடு தெருமுனை கிளினிக்கின் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருப்பாள். கணவர் கைப்பேசியில் மணியைப் பார்த்துக்கொண்டே நிற்பார். முட்டையை உறிஞ்சி எடுக்கும் வேலை அதிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்தில் நடந்தாக வேண்டும் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு. அதனாலேயே அந்தத் தேதியும் மணியும் அவள் மனத்தில் பதிந்துபோகின்றன. மருந்தின் பெயர் தெரியாமல் இருக்கலாம், ஃபைல் வீட்டு பீரோவில் இருக்கலாம். கடைசி ஊசி என்றைக்கு என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவாள். இவ்வளவு துல்லியமான தகவல் நோயாளியின் வாயிலிருந்தே கிடைப்பது காஷுவாலிட்டியில் எவ்வளவு அபூர்வம் என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்த ஊசியில் பெரும்பாலும் இருப்பது ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோன், கர்ப்பத்தில் இயல்பாகச் சுரப்பதே. தூண்டப்பட்டுப் பெருத்த சினைப்பைகள் இதற்கு அளவு மீறி எதிர்வினை காட்டினால், வி.ஈ.ஜி.எஃப். என்ற புரதம் அங்கிருந்து வெள்ளமாகக் கிளம்பி, ரத்த நுண்குழாய்களின் சுவரை ஒழுக வைக்கிறது. நீர் வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் இறங்கிவிட, குழாய்க்குள் மிஞ்சுவது கெட்டிப்பட்ட ரத்தம். சிறுநீர் குறைகிறது, மூச்சு முட்டுகிறது, சிரைகளில் ரத்தம் உறையத் தொடங்குகிறது. இதுதான் ஓ.எச்.எஸ்.எஸ். என்று சுருக்கிச் சொல்லும் சினைப்பை மிகைத்தூண்டல். கடைசி ஊசி போட்டு ஒன்பது நாளுக்குள் வந்தால் அது ஊசியின் விளைவு. ஊசியின் வீரியம் இறங்க இறங்கத் தணியும். பத்து நாளுக்குப் பிறகு வந்தால் பெரும்பாலும் கரு தங்கிவிட்டது என்று பொருள். இப்போது அந்த ஹார்மோனைக் கர்ப்பமே சுரக்கிறது, ஆகவே நோய் கடுமையாகவும் நீண்டும் போகும். மூன்று நான்கு வாரம் தாண்டி வலி வந்தால் இடம் மாறிய கர்ப்பத்தை நினைக்க வேண்டும். எல்லாம் அடங்கிச் சில வாரம் கழித்துக் கழுத்திலோ கையிலோ வீக்கமும் வலியும் என்றால் ரத்தக்கட்டியைத் தேட வேண்டும். எல்.எம்.பி. சொல்லாத இத்தனையையும் அந்த ஒரு தேதி சொல்கிறது.

இது உங்களுக்குத் தெரியாத வேறு துறையின் நோய் என்று ஒதுக்கத் தேவையில்லை. டெங்குக் காய்ச்சல் மாதங்களில், ரத்தம் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று காட்டும் பி.சி.வி.யைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து, அது ஏறுகிறதா என்று கவலைப்பட்டுப் பழகியவர்கள் நீங்கள். நுண்குழாய் ஒழுகுவது என்றால் என்ன, வயிற்றில் நீர் சேரும்போதே உடலுக்குள் நீர் வற்றிப்போவது எப்படி என்பதை டெங்கு வார்டு உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. இங்கும் நடப்பது அதேதான். அதனாலேயே ஒரு குழப்பமும் நேரலாம்: மழைக்காலத்தில் இளம்பெண்ணுக்கு பி.சி.வி. ஏறியிருக்கிறது, ஸ்கேனில் வயிற்றிலும் மார்பிலும் நீர் என்றால் கை டெங்குப் பரிசோதனைக்குத்தான் போகும். ரத்த எண்ணிக்கையைச் சற்று நிதானமாகப் பார்த்தால் வேறுபாடு தெரியும். டெங்குவில் தட்டணுக்களும் வெள்ளணுக்களும் குறையும். ஓ.எச்.எஸ்.எஸ்.ஸில் ரத்தம் கெட்டிப்படுவதால் தட்டணுக்கள் குறைவதில்லை. வெள்ளணுக்கள் 15,000-ஐயும் தாண்டலாம். அந்த உயர்ந்த வெள்ளணு எண்ணிக்கை மறுபடியும் ஒரு பொறி. வயிற்றுவலியோடு சேர்த்துப் பார்த்தால் அது குடல்வாலாகவோ சீழாகவோ தோன்றும்.

இன்னொரு பொறி நம் ஊருக்கே உரியது. கடுமையான நிலை என்பதற்குப் பாடநூல்கள் சொல்லும் எல்லை பி.சி.வி. 45-க்கு மேல், 55-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்தான நிலை. ஆனால் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. சிகிச்சைக்கு முன் ஹீமோகுளோபின் 9, பி.சி.வி. 28 என்றிருந்த பெண்ணுக்கு உங்கள் ஆய்வகம் 12.5 என்றும் 38 என்றும் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சீட்டைப் பார்ப்பவர் "ரத்தம் நல்லாத்தான் இருக்கு" என்பார். உண்மையில் அவள் ரத்தத்தின் நீரில் கணிசமான பங்கு குழாயை விட்டு வெளியேறிவிட்டது. எல்லைக்கோட்டை அவள் தொடவே இல்லை, ஆபத்தை மட்டும் தொட்டுவிட்டாள். இந்த எண் தனியாக எதையும் சொல்லாது, முன்பு எவ்வளவு இருந்தது என்பதோடு வைத்துத்தான் படிக்க வேண்டும். அந்த முந்தைய எண் கருத்தரிப்பு மையத்தின் ஃபைலில் இருக்கிறது. அப்படி ஒரு ஃபைல் இருக்கிறது என்று தெரிந்தால்தானே அதைக் கேட்கத் தோன்றும்.

கேட்காமல் விட்டால் நேரும் தீங்கு, நோயைக் கண்டுபிடிக்கத் தாமதமாவதோடு நிற்பதில்லை. நல்லெண்ணத்தோடு நாம் செய்யும் அன்றாட வைத்தியமே அவளுக்கு எதிராகத் திரும்புகிறது. வலி என்றதும் டைக்ளோஃபெனாக் ஊசி போடுவது காஷுவாலிட்டியில் கை பழகிய காரியம். ரத்த ஓட்டம் குறைந்து திணறும் சிறுநீரகத்துக்கு அது இன்னொரு அடி. பாராசிட்டமால் போதும், போதாவிட்டால் ஓபியாய்டு மருந்து. வயிறு வீங்கி, சிறுநீர் குறைந்திருந்தால் ஃப்ரூசிமைடு போடத் தோன்றும். ரத்தம் கெட்டிப்பட்டிருக்கும்போது நீரை மேலும் வெளியேற்றினால் உறைதல் விரைவாகும். வயிறு கல்லாக இருக்கிறதே என்று அறுவை அரங்குக்கு எடுத்துச் சென்று திறந்தால், தொட்டாலே கசியும் சினைப்பைகள் அங்கே காத்திருக்கும். அவளுக்கு வேண்டியவை பெரும்பாலும் எளியவை: தாகத்துக்கு ஏற்ற நீர், அளந்து ஏற்றும் டிரிப், தினம் எடை, இஞ்சு டேப்பால் தொப்புள் மட்டத்தில் வயிற்றுச் சுற்றளவு, சிறுநீர்க் கணக்கு, ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின், மூச்சு முட்டினால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே வயிற்று நீரை வடிப்பது. இவற்றில் பாதியை ஒரு தாலுகா மருத்துவமனையிலேயே தொடங்கிவிடலாம்.

ஸ்கேன் இருக்கிறதே, அது காட்டிக்கொடுத்துவிடாதா என்று கேட்கலாம். ஸ்கேன் காட்டும், ஆனால் சொன்ன வரலாற்றுக்கு ஏற்றபடிதான் அது படிக்கப்படும். பெருத்த சினைப்பைகள், உள்ளே நிறையக் கட்டிகள் என்று அறிக்கை வரும். "நீர்க்கட்டி இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்காங்க" என்று அவளும் சொல்வாள். நீர்க்கட்டி உள்ள பெண்களுக்குத்தான் இந்த மிகைத்தூண்டல் அதிகம் வருகிறது என்பதால் அது உண்மையாகவும் இருக்கும். பழைய நீர்க்கட்டி என்ற பெயரில் புதிய ஆபத்து மறைந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் பிடித்து முறுக்கும் வலியோடு வாந்தி இருந்தால் சினைப்பை திருகிக்கொண்டிருக்கலாம். டாப்ளரில் ரத்த ஓட்டம் தெரிவதாலேயே திருகல் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. உள்ளே பார்க்கும்போது நீலம்பாரித்துக் கறுத்திருந்தாலும் திருகலைப் பிரித்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும் உறுப்பு அது. குழந்தைக்காகவே இத்தனையும் தாங்கும் ஒரு பெண்ணின் சினைப்பையை வெட்டி எடுக்கும் முன் அவள் யார், எதற்காக ஊசி போட்டுக்கொண்டாள் என்பது அறுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இடம் மாறிய கர்ப்பத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. சோதனைக்குழாய்க் கருத்தரிப்பின் முன்னோடிகளான எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும், உடலுக்கு வெளியே கருவாக்கி உண்டானது என்று 1976இல் பதிவுசெய்த கர்ப்பம் கருக்குழாயில்தான் தங்கியிருந்தது. முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து. கருவைக் கொண்டுபோய்க் கருப்பைக்குள்ளேயே வைத்தாலும் அது குழாய்க்கு நகர்ந்துவிடக்கூடும் என்பது இந்தத் தொழில்நுட்பத்தோடு பிறந்த உண்மை. இயல்பான கருத்தரிப்பில் கருப்பைக்குள் ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு கர்ப்பமும் சேர்ந்து அமைவது ஏறக்குறைய 30,000-த்தில் ஒன்று என்று நாம் படித்திருக்கிறோம். அதனால் ஸ்கேனில் கருப்பைக்குள் கர்ப்பம் தெரிந்தால் நிம்மதியாகிவிடுகிறோம். ஒன்றுக்கு மேற்பட்ட கருக்களை வைத்த பெண்ணிடம் அந்த நிம்மதிக்கு இடமில்லை. அங்கே இது ஆயிரத்தில் ஒன்று, சில ஆய்வுகளில் நூற்றில் ஒன்று என்ற அளவுக்கு வருகிறது. உள்ளே ஒரு துடிப்பைப் பார்த்து வாழ்த்திவிட்டு அனுப்பிய பெண், குழாய் வெடித்து 108 வண்டியில் திரும்பி வருவது இந்த இடத்தில்தான்.

சிறுநீர்ப் பரிசோதனை அட்டையையும் இவளிடம் அப்படியே நம்ப முடியாது. ஹெச்.சி.ஜி. ஊசி போட்ட பத்துப் பதினான்கு நாள் வரை, கர்ப்பமே இல்லாமலும் இரண்டு கோடு விழலாம். ஊசியின் தேதி தெரியாதவருக்கு அந்தக் கோடு கர்ப்பம். தெரிந்தவருக்கு அது ஊசியின் மிச்சமாகவும் இருக்கலாம். அவளுக்கும் அவள் வீட்டாருக்கும் நாம் சொல்லும் அந்த ஒரு வார்த்தையின் கனத்தை நினைத்தாவது தேதியைக் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் அபூர்வமாக நேர்வது, அதற்காக வருகிற பெண்ணையெல்லாம் கேட்க வேண்டுமா என்பது நியாயமான எதிர்ப்பு. இன்றைய மையங்கள் ஹெச்.சி.ஜி.க்குப் பதில் வேறு ஊசியால் முட்டையை முதிரவைத்து, கருக்களை உறையவைத்துப் பிறகு பொருத்தி, இந்த நோயை நன்றாகக் குறைத்துவிட்டன என்பதும் உண்மைதான். ஆனாலும் மிதமானதும் கடுமையானதுமாகச் சேர்த்து, சோதனைக்குழாய்ச் சுழற்சிகளில் நூற்றுக்கு மூன்று முதல் எட்டு வரை என்றுதான் பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2016ஆம் ஆண்டு வழிகாட்டியில் கணக்கிடுகிறது. மேலும், மிகைத்தூண்டல் வர சோதனைக்குழாய் வரை போக வேண்டியதில்லை. முட்டை வளர ஊசி போட்டு, வெடிக்க ஊசி போட்டு, வீட்டிலேயே முயன்று பாருங்கள் என்று அனுப்பப்பட்ட பெண்ணுக்கும் வரும். பெரிய மையங்களின் கவனமான முறைகள் எட்டாத சிறு ஊர்களில் இப்படிச் சிகிச்சை எடுப்பவர்கள் ஏராளம். இதனால்தான் கேள்வியின் வார்த்தை முக்கியம். "டெஸ்ட் டியூப் பேபி பண்ணியிருக்கீங்களா?" என்றால் "இல்லைங்க" என்ற பதில் வரும், அவள் உண்மையைத்தான் சொல்கிறாள். "குழந்தைக்காக ஊசி ஏதாவது போட்டுக்கிட்டீங்களாம்மா, கடைசியா என்னைக்கு?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். வயதைப் பார்த்தும் கேட்காமல் விட வேண்டாம். 2021ஆம் ஆண்டு உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி 50 வயதுக்குக் குறைவான பெண் இந்தச் சிகிச்சை எடுக்கலாம். 47 வயதுப் பெண்ணின் அடிவயிற்று வலியில் குழாய்க் கர்ப்பத்தை யாரும் தேடுவதில்லை.

இன்னும் கனமான எதிர்ப்பு, இது அவளைக் கூசவைக்கும் என்பது. குழந்தை இல்லை என்ற சொல்லோடு நம் வீடுகளில் ஒரு பெண் என்னென்ன சுமக்கிறாள் என்பதை அறிந்தவர்கள் இந்தத் தயக்கத்தை மதிக்கத்தான் செய்வார்கள். சிகிச்சை எடுப்பது மாமியாருக்குத் தெரியாது, சில இடங்களில் அம்மாவுக்கே தெரியாது. எனவே அந்த நாலடி ஸ்கிரீனை இழுத்துவிட்டு, கூட வந்தவர்களைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, செவிலியர் தாழ்ந்த குரலில் கேட்க வேண்டும். ஊசியைப் பற்றி மட்டும் கேட்டால் போதும். குறை யாரிடம், எத்தனை வருடமாக என்பதெல்லாம் அந்த இரவுக்குத் தேவையில்லை. எல்லோரிடமும் வழக்கமாகக் கேட்கும் கேள்வியாகிவிட்டால் அது யாரையும் குறிவைத்ததாகவும் தோன்றாது. மாதவிலக்கைப் பற்றி அந்நியரிடம் பேசுவதும் ஒரு காலத்தில் கூச்சமாகத்தான் இருந்தது. சீட்டில் அச்சான பிறகு அந்தக் கூச்சம் போனது.

கூச்சத்தால் மட்டுமல்ல, பயத்தாலும் மறைப்பவர்கள் உண்டு. கருமுட்டை கொடுக்கும் பெண்ணுக்கும் இதே ஊசிகள்தான், இதே ஆபத்துதான். அவள் திரும்பிப் போவது ஓர் ஒற்றை அறை வீட்டுக்காக இருக்கலாம், கவனித்துக்கொள்ள ஆளில்லாமலும் இருக்கலாம். அதே 2021 சட்டம் அவளுக்கு வயது 23 முதல் 35, வாழ்நாளில் ஒரே முறை, எடுப்பது ஏழு முட்டைக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறது. 12 மாதக் காப்பீடும் தரச் சொல்கிறது. ஆனால் 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகள், போலி ஆதாரில் வயதைக் கூட்டிக்காட்டித் திரும்பத் திரும்ப விற்கப்பட்டது வெளியே வந்தது. அப்படி ஒரு பெண் வயிறு வீங்கி உங்கள் முன் படுத்திருந்தால், கூட வந்தவர் சொல்லும் கதை வேறாகத்தான் இருக்கும். தனியாக, திட்டாமல் கேட்கும் ஒரு செவிலியரிடம் மட்டுமே அவள் வாய்திறப்பாள்.

இந்தத் தகவலைத் தர வேண்டியது கருத்தரிப்பு மையங்கள் அல்லவா என்று நீங்கள் கேட்டால், ஆம், முதல் கடமை அவர்களுடையது. கடைசி ஊசி போடும் நாளிலேயே மருந்தின் பெயர், தேதி, வளர்ந்திருக்கும் முட்டைகளின் எண்ணிக்கை, அன்றைய பி.சி.வி., இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண் ஆகியவை எழுதிய அட்டையை அவள் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். 24 மணி நேரத் தொடர்பு எண்ணை அந்த 2016 வழிகாட்டியும் வலியுறுத்துகிறது. பிரிட்டனில் கடுமையான மிகைத்தூண்டல் ஒவ்வொன்றையும் மையங்கள் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அறிவித்தாக வேண்டும். நம்மிடமும் கர்ப்பிணிக்குப் பிக்மி என்ற பதிவு எண்ணும் தாய் சேய் அட்டையும் உண்டு. அவள் எங்கே போனாலும் அவை கூடவே போகும். கர்ப்பிணியாக ஆசைப்பட்டு ஊசி போட்டுக்கொண்டவளுக்கு அப்படி எதுவும் இல்லை. அவள் கர்ப்பிணியும் அல்ல, அவசர மகப்பேறு சிகிச்சை தரும் சீமாங் மையத்தின் வரிசையிலும் இல்லை. நடந்து வந்து நிற்பதால் உங்கள் தரம்பிரிப்பில், அவசரமில்லாதவர்களுக்கான பச்சைப் பட்டைக்குப் போய்விடுவாள். அட்டை வரும் வரை காத்திருக்க முடியாததால்தான் மையங்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். மையத்தின் தவறை உங்கள் தலையில் கட்டுவது நோக்கமில்லை. அந்த நேரத்தில் அவள் முன்னால் நிற்பவர் நீங்கள், கேட்டால் பதில் சொல்ல அவள் இருக்கிறாள்.

புதிய படிவம் வரக் காத்திருக்க வேண்டாம். சீட்டில் எல்.எம்.பி.க்குக் கீழே விழும்படி ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொள்ளலாம்: கடைசி ஊசி, தேதி, பெயர், மையத்தின் போன். நோயாளிகளைத் தரம்பிரிக்கும் செவிலியரே ரத்த அழுத்தம் பார்க்கும்போது கேட்டு எழுதிவிடட்டும். மருந்தின் பெயர் தெரியாவிட்டால், வீட்டிலிருக்கும் ஃபைலையும் காலிக் குப்பியின் அட்டைப்பெட்டியையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கணவரிடமோ தங்கையிடமோ பேசச் சொல்லலாம். பதில் வந்ததும் மகளிர் மருத்துவரை அழையுங்கள். ரத்தம் எடுக்கும்போது பி.சி.வி.யோடு சிறுநீரகம், கல்லீரல், உப்புகளின் அளவையும் சேர்த்துக் கேளுங்கள். அதுவரை டைக்ளோஃபெனாக் டிரேயிலேயே இருக்கட்டும்.